அடுப்படிக்கு வந்த யுத்தம்

கள்ளக்குறிச்சியில் எந்த நாட்டு விமானமும் குண்டு போட்டதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டது. 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் ஒன்று சென்னைக்கும் வந்து போனது. இவையெல்லாம் கடற்கரை ஊர்களின் கதை. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கல்வராயன் மலையடிவாரத்தில் கிடந்த கள்ளக்குறிச்சி தாலுகாவுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது. ஆனாலும் இரண்டாம் உலகப்போர் இங்கே வீட்டுக்கு வீடு நுழைந்தது. அரிசிப் பானை வழியாக வந்தது, விளக்குத் திரி வழியாக வந்தது, முந்தானையில் முடிந்து வைத்த சில்லறை வழியாகவும் வந்தது. இருப்பதைப் பங்கு போட்டுக் கொடுக்க ஓர் ஏற்பாடு உண்டா, அந்த ஏற்பாட்டில் நம் வீட்டுக்குப் பெயர் உண்டா? வெடிச்சத்தம் கேட்காத ஊர்க் குடும்பங்களின் போர்க்கால வாழ்வை இந்த இரண்டு கேள்விகளே தீர்மானிக்கின்றன. அன்றும் அப்படித்தான். இன்றும் அப்படித்தான் என்று காட்டுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதல் அடி மணிலாக்கொட்டையில், அதாவது வேர்க்கடலையில், விழுந்தது. சென்னை மாகாணத்தில் மணிலா விளைச்சலுக்குப் பேர்போன மாவட்டம் தென்னாற்காடு. மானாவாரிப் புஞ்சையில் விளைந்த கொட்டை கடலூர், புதுச்சேரித் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்கு, முக்கியமாகப் பிரான்சின் மார்செய்ல்ஸ் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. அந்த ஒரு மாதத்தில் நம் புஞ்சைக்காரரின் சந்தை மூடிக்கொண்டது. ஹிட்லர் யார் என்று தெரியாத வீட்டிலும் அந்த ஆண்டு மகள் கல்யாணம் தள்ளிப்போக இது போதும். கண்காணாத ஊரை நம்பிப் பயிர் வைத்தவனுக்கு அந்த ஊரின் போர் தன் போராகிவிடுகிறது. பிறகு எண்ணெய் வித்துக்கு உள்நாட்டிலேயே கிராக்கி வந்து விலை ஏறியது உண்மை. அந்த ஏற்றத்தின் பலன் யாருக்குப் போனது என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாம் அடி அரிசி. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்றது. இந்தியாவின் மொத்த அரிசித் தேவையில் பர்மா அரிசி சிறு பங்குதான். ஆனால் வங்காளம், சென்னை மாகாணம், திருவிதாங்கூர், கொச்சி ஆகியவை அந்தச் சிறு பங்கை நம்பித்தான் குறையைச் சரிக்கட்டி வந்தன. பற்றாக்குறை படியளவு என்றால் பயம் மூட்டையளவு வளரும். இருப்பவர் பதுக்கினார், இல்லாதவர் கிடைத்த விலைக்கு வாங்கினார். அதோடு, பிரிட்டன் தன் போர்ச் செலவுக்கு இந்தியாவில் வாங்கிய சரக்குக்கெல்லாம் லண்டனில் கடன் கணக்கு எழுதிவிட்டு, அதன் பேரில் இங்கே ரூபாய் நோட்டை அச்சடித்தது. போர் தொடங்கியபோது புழக்கத்தில் இருந்த நோட்டு, முடிந்தபோது ஐந்து மடங்கைத் தாண்டியிருந்தது. சரக்கு குறைய, காசு பெருக, விலை எங்கே போகும்? கூலியை நெல்லாக வாங்கியவர் ஓரளவு தப்பினார். காசாக வாங்கியவர் மாட்டிக்கொண்டார். 1943-இல் வங்காளத்தில் பஞ்சத்தாலும் அதன் பின்னே வந்த நோய்களாலும் 20 முதல் 30 லட்சம் பேர் செத்தார்கள். அங்கேயும் குண்டுகளில் செத்தவர் சொற்பம்.

அந்தக் காலத்து ஓட்டைக் காலணாவைப் பழங்காசு விற்கும் கடைகளில் இன்றும் பார்க்கலாம். 1943 முதல் 1947 வரை அடித்த வெண்கலக் காசு. நடுவே விரல்நுனி நுழையும் வட்ட ஓட்டை, மேலே கிரீடம், கீழே ஆண்டு. உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. அதற்கு முந்தைய காலணாவின் எடையில் பாதிகூட இல்லை. உலோகம் போருக்குப் போய்விட்டதால் காசின் வயிற்றைத் தோண்டி மிச்சம் பிடித்தார்கள். 1940-லேயே வெள்ளி ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. ஒரு ரூபாய்க்குக் காகித நோட்டும் வந்தது. வெள்ளி ரூபாயைப் பானைக்குள் போட்டுச் சேமித்த தலைமுறைக்கு இது சின்ன அதிர்ச்சி இல்லை. விளக்கும் மாறியது. இந்த நாட்டு வீடுகளில் எரிந்த மண்ணெண்ணெயில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942-இல் பர்மாவின் எண்ணெய்க் கிணறுகள் ஜப்பானியருக்குக் கிடைக்கக்கூடாது என்று பிரிட்டிஷாரே அவற்றை அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். சிம்னி விளக்குக்கு எண்ணெய் இல்லாத வீடு என்ன செய்யும்? புங்கங்கொட்டையும் இலுப்பைக்கொட்டையும் பொறுக்க வேண்டும், காய வைக்க வேண்டும், செக்குக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் இல்லாமல் போனால் ஒரு பெண்ணுக்குப் பல நாள் வேலை கூடுகிறது. போர்ச் செலவைக் கணக்கிடும் எந்தப் பட்ஜெட்டிலும் இந்த நாட்கள் ஏறவில்லை.

வெளிநாட்டில் உழைத்தவர்களின் வீடுகள் இன்னொரு விதமாக அடிபட்டன. சேலம், தென்னாற்காடு, திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் ஆட்கள் போயிருந்தார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் மணியார்டர் நின்றது, கடிதமும் நின்றது. அடுத்த மூன்றரை ஆண்டுகள் புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமலே தாலியோடு காத்திருந்த பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. அந்தத் தோட்டத் தொழிலாளரில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துப் போனார்கள். பெரும் எண்ணிக்கையில் அங்கேயே மாண்டார்கள். பர்மாவிலிருந்து நான்கைந்து லட்சம் இந்தியர்கள், பெரும்பாலும் கால்நடையாக, காடும் மலையும் கடந்து வந்தார்கள். பட்டாளத்துக்குப் போனவனின் வீட்டுக்காவது மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. பட்டாளக்காரன் பெயர் அரசாங்கக் கணக்கில் இருந்தது. தோட்டக்காட்டுக் கூலியின் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருந்த குடும்பங்கள் இதே தவிப்பின் சின்ன வடிவத்தைப் பார்த்தன. ஆனால் அப்போது அரசு விமானம் அனுப்பி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மீட்டு வந்தது. கணக்கில் பெயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு பெரியது.

பெயரைக் கணக்கில் ஏற்றும் வேலை 1943-இல் தொடங்கியது. அந்த ஆண்டு தியோடர் கிரிகோரி தலைமையிலான உணவுதானியக் கொள்கைக் குழு, 1 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் பங்கீடு வேண்டும், ஆளுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியம் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதாவது சுமார் 450 கிராம். 1946-இல் அதுவும் 12 அவுன்சாக, சுமார் 340 கிராமாகச் சுருங்கியது. ரேஷன் கார்டு, கண்ட்ரோல் அரிசி, கண்ட்ரோல் துணி என்ற சொற்கள் தமிழுக்குள் வந்தது இந்தப் போரில்தான். அரிசி போதாதபோது கோதுமையும் சோளமும் தந்தார்கள். சோற்றுக்குப் பழகிய வீட்டில் கோதுமையை என்ன செய்வது என்று பெண்கள் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள். ரவா இட்லி அந்தப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் பிறந்தது என்று பெங்களூரு எம்.டி.ஆர். ஓட்டல் சொல்லி வருகிறது. குறை என்னவென்றால், முழுப் பங்கீடு முதலில் நகரத்துக்குத்தான். சென்னையில் ஆலைத் தொழிலாளி பசித்தால் போர் உற்பத்தி நிற்கும் என்ற பயம் அதற்குப் பின்னால் இருந்தது. நாட்டுப்புறத்துக் கிராமம் நெல்லைக் கொடுக்கும் இடமாகவே கணக்கில் ஏறியது. இவ்வளவு நிலம், இவ்வளவு விளைச்சல், வீட்டுக்கு இவ்வளவு போக மிச்சம் சர்க்காருக்கு என்று கொள்முதல் நடந்தது. நிலம் உள்ளவன் தன் குதிரில் ஒரு பங்கு வைத்துக்கொண்டான். நிலமில்லாத கூலிக்காரனுக்குக் குதிரும் இல்லை, ஆரம்பத்தில் கார்டும் இல்லை.

போர்க்காலத்தில் குடியானவன் நன்றாகத்தானே சம்பாதித்தான், விலை ஏறியதில் கடனெல்லாம் அடைந்துபோனதே என்று சொல்பவர்கள் உண்டு. இதற்கு அன்றே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. கிராமக் கடன் பற்றிச் சென்னை அரசுக்காக விசாரித்த பொருளாதார அறிஞர் பி.வி. நாராயணசாமி நாயுடு 1946-இல் அறிக்கை தந்தார். 1939-க்கும் 1945-க்கும் இடையே மாகாணத்தின் மொத்தக் கிராமக் கடன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று அவர் கண்டார். அந்த அளவில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் அதே அறிக்கையின் அடுத்த விஷயத்தைப் பாருங்கள்: கடன் குறைந்தது பெருநிலக்காரருக்கும் நடுத்தர விவசாயிக்கும், குத்தகைக்காரருக்கும் நிலமற்ற கூலிகளுக்கும் கடன் கூடியிருந்தது. ஒரே போர், ஒரே ஊர், ஒரே விலையேற்றம். விற்க நெல் உள்ள வீட்டுக்கு அது வரவு, வாங்கித் தின்னும் வீட்டுக்கு அது கடன். சராசரிக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த இரண்டு வீடுகளும் ஒரே வீடாகத் தெரியும்.

மலைக்கு வருவோம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து உண்டவர்கள். ரங்கூன் அரிசி நின்றால் அவர்களுக்கு என்ன என்று கேட்கலாம். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. புன்செய்த் தானியம் அவர்களைப் பெரும் பட்டினியிலிருந்து காத்திருக்கும் என்பதை ஏற்கலாம். ஆனால் உப்பு மலையில் விளையாது. துணி விளையாது, கொழுமுனைக்கு இரும்பு விளையாது, தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் விளையாது. கடுக்காய், தேன், புளி என்று மலைச்சரக்கைக் கீழே இறக்கி, அந்தக் காசில்தான் இவற்றை வாங்க வேண்டும். துணிக்கும் நூலுக்கும் 1943-இல் கட்டுப்பாடு வந்தபின் அடிவாரத்துக்காரனுக்கே புடவை கிடைப்பது கஷ்டம் என்றால், மலையிலிருந்து இறங்கி வருபவருக்கு என்ன மிஞ்சும்? மலையின் சேலம் பக்கத்தில் இன்னொரு கேடும் நடந்தது. இந்தியாவிலேயே முன்மாதிரியாக 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கை, மக்கள் அமைச்சரவை இல்லாத போர்க்காலத்தில் அதிகாரிகளின் ஆட்சி நிறுத்தி வைத்தது. பிரிட்டிஷ் அரசுக்கு வருமானம் வேண்டியிருந்தது. கூலிக்காசு வீட்டுக்கு வர ஆரம்பித்திருந்த குடும்பங்களுக்கு, போர் ஒரு கள்ளுக்கடையையும் திருப்பிக் கொடுத்தது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று மலையில் இருந்தது. கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தாரர்களின் கையில் இருந்தது. மலைவாசி சர்க்காருக்கு நேரடியாகக் குடி இல்லை. ஜாகிர்தாரருக்கு வரி கட்டினார், அவருக்கு இனாம் உழைப்பும் கொடுத்தார். சுதந்திரம் வந்து, ஜமீன் ஒழிப்பு வந்து, எத்தனையோ சட்டங்கள் வந்த பிறகும் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்து மலை அரசின் கைக்கு வந்தது 1976-இல்தான். ஆக, 1943-இல் பங்கீட்டுக்குப் பெயர் எழுதத் தொடங்கிய அரசாங்கத்துக்கு இந்த மலைமக்களைத் தன் குடிகளாகவே தெரியாது. தன்னிறைவு என்று நாம் புகழ்வது பல நேரம் கைவிடப்பட்டதன் இன்னொரு பெயர்தான். பாதியளவு தானியத்தோடு காட்டுக்கிழங்கைத் தோண்டிக் காலம் தள்ளியவர்களை, தேவையே இல்லாதவர்கள் என்று எழுதி வைப்பது நியாயம் ஆகாது.

பங்கீடே பதுக்கலுக்கும் கறுப்புச் சந்தைக்கும் தாய் என்ற வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. காந்தியடிகளே கட்டுப்பாடுகளை எடுக்கச் சொன்னார். 1947 டிசம்பரில் எடுத்தார்கள். விலை பாய்ந்தது, 1948-இலேயே மறுபடி கட்டுப்பாட்டைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 1952 ஜூனில் சென்னையில் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். இம்முறை விலை பாயவில்லை. மக்கள் அவரை வாழ்த்தினார்கள். அடுத்து மழையும் விளைச்சலும் கைகொடுத்தன. ஆனால் 1960-களின் நடுவில் பாகிஸ்தானோடு போரும் மழை பொய்த்ததும் சேர்ந்து வந்தபோது, சந்தை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளவில்லை. வாரத்தில் ஒரு வேளை உணவை விடுங்கள் என்று பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி நாட்டைக் கேட்டார். தன் வீட்டிலும் கடைப்பிடித்தார். அந்த நேர்மையை வணங்க வேண்டும். ஆயினும் ஒரு வேளையை விட, மூன்று வேளை உள்ளவரால்தான் முடியும். ஏற்கெனவே ஒரு வேளைக் கஞ்சியில் இருந்த வீட்டுக்குத் தியாகம் செய்ய எதுவும் மிச்சமில்லை. 1967 தேர்தலில் தமிழ்நாட்டின் ஆட்சியையே மாற்றிய பேச்சுகளில் அரிசி முதல் வரிசையில் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. நல்ல மழைக்காலத்தில் குடை சுமையாகத் தெரியாது, கோடையில்தான் தெரியும். அதற்காகக் குடையை விற்றுவிடுபவர் இல்லை.

பங்கீடு நேர்மையாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனே சாட்சி. 1940-களில் லண்டன் மீது குண்டு விழுந்தது, உணவு குறைந்தது. ஆனாலும் அந்தப் பத்தாண்டில் இங்கிலாந்து மக்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 7 ஆண்டுகள் கூடியது. முதல் உலகப்போர் நடந்த பத்தாண்டிலும் இதே போன்ற உயர்வு. அமைதியான பத்தாண்டுகளில் இந்தப் பாய்ச்சல் இல்லை. இருந்த கொஞ்சத்தை எல்லா வீட்டுக்கும் அளந்து கொடுத்ததும், பிள்ளைக்குப் பாலும் கர்ப்பிணிக்குச் சத்துணவும் தந்ததுமே காரணம் என்று பொருளாதார அறிஞர்கள் ஜான் திரேஸும் அமர்த்திய சென்னும் எடுத்துக்காட்டினார்கள். அதே அரசு, அதே ஆண்டுகளில், வங்காளத்தில் லட்சக்கணக்கானோரைச் சாகவிட்டது. கிடைக்கும் தானியத்தில் குடிகள் எல்லோருக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் ஓரிடத்தில் இருந்தது, இன்னோரிடத்தில் இல்லை.

நம் சொந்தங்களின் கதை இன்னும் அருகில் இருக்கிறது. இலங்கையில் 1942-இல் போருக்காகத் தொடங்கிய அரிசிப் பங்கீடு, போர் முடிந்தும் மக்கள் உரிமையாக நின்றது. 1953-இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது ஆகஸ்ட் 12 அன்று தீவே கதவடைத்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பிறகு உள்நாட்டுப் போரின்போது, 1990-இல் யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய், பாட்டரி, சவர்க்காரம் போன்றவை போகாமல் இலங்கை அரசு தடுத்தது, மின்சாரமும் போனது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது ஊறும் அளவே மண்ணெண்ணெய் விட்டுத் திரி ஏற்றினார்கள். போத்தலே காற்றை மறைக்கும் சிம்னியானது. அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். அந்த நாட்களிலும் அரசாங்க அதிபரின் அலுவலகமும் கூட்டுறவுச் சங்கக் கடைகளும் அட்டைக்கு நிவாரணம் அளந்துகொண்டிருந்தன. போதாது, தாமதம், அரசியல் எல்லாம் அதில் இருந்தன. ஆனாலும் அட்டையில் பெயர் இருந்த குடும்பத்துக்குக் கேட்க ஓர் இடம் இருந்தது.

இன்றைக்கு நாட்டில் நெல்லும் கோதுமையும் கிடங்கு நிறைய இருக்கின்றன, இனி எந்தப் போர் நம் உலையை அணைக்கும் என்று கேட்கலாம். 2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. சில வாரங்களில் நம் மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டின் விலை ஏறியது, ஏனென்றால் அதில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து வந்தது. ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையும் சில வாரம் நிறுத்தியது. கள்ளக்குறிச்சிச் சீமையின் கரும்பும் மரவள்ளியும் பொட்டாஷ் அதிகம் கேட்கும் பயிர்கள். உலகின் பொட்டாஷில் பெரும்பங்கு ரஷ்யாவிலும் பெலாரஸிலும் கனடாவிலும் இருக்கிறது. மார்செய்ல்ஸ் போய்க் கீவ் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நாட்களில் சந்தை விலை எங்கே போனாலும், தமிழ்நாட்டு ரேஷன் கடையில் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குத்தான் என்ற நிலை நின்றது. 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள், 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள், ஏழை பணக்காரர் என்று பிரிக்காத பொது வினியோகம்: 1943-இல் கள்ளக்குறிச்சிக் கூலிக்காரனுக்கு இல்லாமல் போனது இதுதான். இதை இலவசம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் வங்காளத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2025 மே 7 அன்று பாகிஸ்தானோடு மோதல் மூண்டபோது சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்தது. சைரன் ஒலித்தது, பதுங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது தேவைதான். ஆனால் கடலோரத்திலிருந்து தள்ளி இருக்கும் மாவட்டங்களுக்கு வேண்டிய ஒத்திகை வேறு. லாரி பத்து நாள் வராவிட்டால் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலும் அதைத் தாண்டிய சிற்றூர்களிலும் கடையில் எத்தனை மூட்டை இருக்கும்? சிக்னல் இல்லாமல் விரல்ரேகைக் கருவி வேலை செய்யாத நாளில் அரிசி கிடைக்குமா, திரும்பிப் போகச் சொல்வார்களா? அரிசிக்காக அரை நாள் நடந்து வரும் பெண்ணின் கூலியை யார் ஈடுசெய்வது? கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நேர்ந்த விஷச்சாராயச் சாவுகளுக்குப் பின், 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலைமக்களின் நிலை பற்றி வழக்கெடுத்து, அடிப்படை வசதிகள் எங்கே என்று கேட்டது. ஒரு போர் வருவதற்கு முன்பே கேட்கப்பட்ட கேள்வி என்ற அளவில் அது நல்ல காலம்.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் இல்லை. மலைக் கடைகளில் மழைக்காலத்துக்கு முன்பே மூன்று மாதச் சரக்கை இறக்கி வைக்கலாம். கருவி ஓடாத நாளில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அரிசி போட எழுத்திலேயே உத்தரவு தரலாம். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023-இல் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதைப் போல, கல்வராயன் மலைச் சாமையையும் கேழ்வரகையும் அரசே நியாய விலைக்கு வாங்கி, அதே மலையின் கடைகளில் அளந்து கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியரும் உணவு வழங்கல் துறையும் இந்த மூன்றையும் அடுத்த மழைக்கு முன் செய்து முடிக்க வேண்டும்.